கண்டக்டர் இல்லாத வாசல்

ஜூன் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாயாடி எழுதிக்கொள்வது. இங்கே நானும் கோழிகளும் சௌக்கியம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தண்ணீர் நன்றாக இருக்கிறதா, கொசு உண்டா என்று எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது. ‘எல்லாம் நலம்’ என்று ஒரே வரியில் முடித்தால் கிழித்துப் போட்டுவிடுவேன். போனில் பேசிவிடலாம் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. காது கேட்காத தங்கை வாய்த்தவன் எழுதித்தான் ஆக வேண்டும்.

நீ பஸ் ஏறிய அன்று மாமியார் முட்டையிடவில்லை. மறுநாளும் இல்லை. நான்தான் உன்னை வீட்டை விட்டுத் துரத்தியது போல என்னை ஒரு பார்வை பார்த்தது. அந்தக் கறுப்பிக்கு நீ வைத்த பெயர் பொருத்தம்தான். மருமகளைத் தீவனத் தட்டுப் பக்கம் அண்டவிடுவதில்லை. கொத்திக் கொத்தி அதன் முதுகில் இறகு கொட்டிப்போய்ச் சிவந்து கிடக்கிறது. நான் அதற்கு மட்டும் தனியாகத் தையல் மெஷினுக்கு அடியில் தட்டு வைக்கிறேன். தின்று முடித்ததும் என் பாதத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்கிறது. பெடலை மிதிக்க முடியவில்லை. மைனர் வழக்கம்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒரு வேலையும் செய்யாமல் சாப்பிட வந்துவிடுகிறான். அவன் விடியற்காலையில் கூவுவது தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டு இஸ்திரிக்காரர் குறைப்பட்டாராம். “எனக்கு ஒண்ணும் தொந்தரவா இல்லையே”ன்னு சொன்னேன். அவர் மனைவிக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

கண்டக்டர் மட்டும் கடமை தவறவில்லை. வாசல் கேட்டை யாராவது தொட்டால் போதும், கொல்லையிலிருந்து பக்கவாட்டுச் சந்து வழியாக ஓடிப் போய் டிக்கெட் கேட்பது போல முன்னால் நிற்கிறது. பிறகு அதே வேகத்தில் திரும்பி ஓடிவந்து, என் மெஷினுக்கு எதிரே இருக்கும் கொல்லை ஜன்னலில் தாவி ஏறுகிறது. வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிற எனக்கு அப்போதுதான் ஆள் வந்திருப்பது தெரியும். நீ அதைக் குஞ்சாகக் கொண்டுவந்தபோது, ‘உன் வீட்டுக்கு இதுதான் காலிங்பெல்’ என்று சிலேட்டில் எழுதிக் காட்டினாய். நான் கேலி செய்தேன். இப்போது கேலியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நேற்று மருமகளைத் தூங்க வைத்தேன், நீ செய்கிற மாதிரியே. தலையை மெல்ல மடக்கிச் சிறகுக்குள் செருகி, இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக மூன்று வட்டம், கடைசியில் பெருவிரலால் முதுகில் டொக் டொக் என்று இரண்டு தட்டு. அந்தத் தட்டு எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உனக்கும் தெரியாது. காய்ச்சலில் காது போய்ப் படுக்கையில் அழுதுகொண்டிருந்தவளைச் சிரிக்க வைக்க நீயாகச் சேர்த்துக்கொண்ட தட்டு அது. ஆனாலும் அது இல்லாமல் செய்ய எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது.

‘கோழி டாக்டர் எங்கே’ என்று தெருவே கேட்கிறது. உனக்கு அங்கே என்ன வேலை? விவரமாக எழுது.

உன்
வாயாடி


ஜூன் 16

அன்புள்ள வாயாடிக்கு,

நீ கேட்ட வரிசைப்படியே சொல்லிவிடுகிறேன். சாப்பாடு வேளைக்கு வருகிறது. தண்ணீர் பரவாயில்லை. கொசு உண்டு. கிழிக்க வேண்டாம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? மெஷினில் குனிந்தே இருக்காதே, கழுத்து பிடித்துக்கொள்ளும்.

எங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டாயிற்று. பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கிறோம். கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட கணக்கு அப்படியே இருக்கிறது. அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

இந்தப் பக்கமெல்லாம் பறவைக் காய்ச்சல். வீடு வீடாகப் போகிறோம். பழைய ஆள் என்பதால் என்னைக் குழுத் தலைவராக்கிவிட்டார்கள். மற்றவர்கள் எல்லாம் இந்த வேலைக்கென்று புதிதாக எடுத்தவர்கள், கோழியைப் பிடிக்கவே தெரியாது. வேலையா? மருந்து கொடுக்கிற வேலை என்று வைத்துக்கொள்ளேன்.

இங்கே கொடுக்கும் சோப்பில் கைநாற்றம் போகவில்லை. வீட்டில் நீ வாங்கி வைப்பாயே, மஞ்சள் சோப்பு, அதில் ஒன்றிரண்டு அனுப்பு.

கண்டக்டரைத் தட்டிக்கொடுத்ததாகச் சொல்.

அன்புடன்
அண்ணன்


ஜூன் 29

அன்புள்ள குழுத் தலைவர் அவர்களுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், கழுத்தும் நன்றாக இருக்கிறது. உன் பதவியைத் தெரு முழுக்கத் தண்டோரா போட்டாயிற்று. பேக்கரிக்காரர், “அப்ப நம்ம டாக்டர் பெரிய டாக்டர் ஆயிட்டாரு”ன்னு சொல்லி எனக்கு ஒரு பன் இலவசமாகக் கொடுத்தார். உன் பெயரைச் சொல்லி இதுவரை எனக்குக் கிடைத்தது அந்த ஒரு பன்தான். பெண் பார்க்கச் சொன்னால் கோழி பார்க்கிறவனுக்கு இதுவே அதிகம்.

சோப்பு நாலு வைத்திருக்கிறேன். தேய்த்துக் குளி.

இஸ்திரிக்காரர் மகளும் ஒரு கோழி வளர்க்கிறாள், உனக்குத் தெரியாதே. வெள்ளை வெளேரென்று ஒன்று. பெயர் பஞ்சு. அதை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் பல் தேய்க்கிறாள். நேற்று என்னிடம் கொண்டுவந்து, “இது என்ன பேசுதுன்னு கேளுங்க அத்தை”ன்னு நீட்டினாள். அவள் அம்மா பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். நான் பஞ்சுவை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தப் பெண்ணுக்குக் காட்டிக் கொடுத்தேன். கோழி பேசுவது காதில் கேட்காவிட்டாலும் எனக்கு நெஞ்செலும்பில் கேட்கும். கொக் கொக்கென்று உள்ளே இறங்கும். இதை நான் உன்னிடம்கூட இதுவரை சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

பேப்பரில் அந்தப் பக்கத்துச் செய்தி போட்டிருந்தார்கள். கோழிகள் கூட்டம் கூட்டமாகச் சாகிறதாமே? அத்தனைக்கும் நீங்கள் மருந்து கொடுத்து முடிவது எப்போது? மருந்து ஊசியா, தண்ணீரில் கலப்பதா? பிழைக்கிறதா? நல்ல சேதியாக ஒன்று எழுது.

உன்
வாயாடி


ஜூலை 22

அன்புள்ள வாயாடிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். சோப்பு வந்தது. எல்லாம் தீர்ந்துவிட்டது.

நல்ல சேதி என்று எழுத எதுவும் அகப்படவில்லை. இரண்டு நாள் மழை பெய்தது. வேலை நின்றது. தூங்கினேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இனிமேல் கடிதத்தில் கோழிகளின் பெயரை எழுதாதே. கோழிகள் நன்றாக இருக்கின்றன என்று எழுதினால் போதும். காரணம் ஒன்றுமில்லை, சும்மாதான். போன வாரம் ஒரு வீட்டில் ஒரு அம்மாள் ஒவ்வொரு கோழியாகப் பெயர் சொல்லிச் சொல்லி என் கையில் கொடுத்தார். ஒவ்வொரு பெயருக்கும் நான் தலையாட்ட வேண்டியிருந்தது.

கூண்டைச் சுத்தமாக வை. வெளிப் பறவைகள் வந்து தீவனத்தைத் தொடாமல் பார்த்துக்கொள். கோழியைத் தொட்டால் கை கழுவு. நெஞ்சோடு அணைப்பதெல்லாம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்.

சாப்பாட்டில் முட்டை போடுகிறார்கள். நான் பக்கத்து ஆளுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்
அண்ணன்


ஆகஸ்ட் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் உடம்புதான் சரியில்லை என்று உன் எழுத்தே சொல்கிறது. வரியெல்லாம் மலை ஏறி இறங்குகிறது. முட்டையை ஏன் மற்றவனுக்குக் கொடுக்கிறாய்? அங்கே என்னதான் நடக்கிறது?

பெயர் எழுதக்கூடாதாம்! சரி. கறுத்த பெரியவள் நலம். முதுகில் புண் உள்ளவள் நலம். வேலை வெட்டி இல்லாதவன் நலம். டிக்கெட் கேட்கிறவள் நலம். இப்போது திருப்தியா?

விளையாட்டு போதும். காய்ச்சல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை வந்துவிட்டதாம். தெருவில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். “சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போயிடுவாங்களாம், ஒண்ணைக்கூட விடமாட்டாங்களாம்”னு பேக்கரிக்காரர் கையால் சாக்கைக் கட்டுகிற மாதிரியே காட்டினார். நீ அந்தத் துறையிலேயே இருக்கிறவன். நான் ஊரார் உதட்டைப் படித்துக்கொண்டு ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும்? நேராகவே கேட்கிறேன். எங்கள் பக்கம் வந்தால் என்ன செய்வார்கள்? ஒளித்து வைக்க வேண்டுமானால் சொல், மாடி அறையைக் காலி செய்துவிடுகிறேன். கண்டக்டர் இல்லாமல் நான் இந்த வீட்டில் எப்படித் தனியாக இருப்பேன்? (பெயர் எழுதிவிட்டேன். போகட்டும்.)

இதற்கு மட்டும் உடனே பதில் போடு.

உன்
வாயாடி


ஆகஸ்ட் 16

அன்புள்ள வாயாடிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். எனக்கு இப்போதைக்கு அது ஒன்றுதான்.

ஒளித்து வைக்காதே. எந்தக் காரணம் கொண்டும் வைக்காதே. இங்கே ஒளித்து வைத்த ஒரு வீட்டில் காய்ச்சல் மனுஷர்களுக்கும் வந்துவிட்டது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஏறக்குறைய உன் வயது. நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது.

நம் ஆட்கள் வந்தால் கதவைத் திறந்துவிடு. எதிர்த்து நிற்காதே. அவர்கள் செய்கிறபடி செய்யட்டும். எல்லோரும் முகமூடி போட்டிருப்பார்கள், பேசுவது உனக்குப் புரியாது, பயப்படாதே. எல்லாம் நல்லதுக்குத்தான். அன்றைக்கு நீ வெளியே எங்காவது போய் இருந்துவிட்டு வர முடிந்தால் இன்னும் நல்லது.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நேரில் வரும்போது பேசிக்கொள்வோம்.

அன்புடன்
அண்ணன்


செப்டம்பர் 4

அண்ணா,

நான் உயிரோடு இருக்கிறேன். காய்ச்சல் இல்லை. நீ விசாரிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். இனி நான் சொல்வதைக் கேள்.

திங்கட்கிழமை காலையில் வந்தார்கள். முந்தின நாள் தெருவில் ஒரு வண்டி மைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறது. அது என்ன சொன்னது என்று எனக்கு எப்படித் தெரியும்? மாலையில் வெளியே வந்து பார்த்தால் தெருவே கோழிகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. பேக்கரிக்காரர் தன்னுடையதை மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்தார். இஸ்திரிக்காரர் மனைவி பஞ்சுவைத் துணிக்கூடைக்குள் வைத்துப் போர்வையால் மூடினாள். அவள் மகள் கூடையைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிலேட்டை எடுத்தேன். ‘மருந்து கொடுக்கத்தான் வருகிறார்கள். ஒளிக்க வேண்டாம். என் அண்ணன் அங்கே தலைவர்’ என்று பெரிய எழுத்தில் எழுதினேன். அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். நீ வீடு வீடாகப் போவதைப் போலவே நானும் போனேன். இஸ்திரிக்காரர் மனைவி நம்பவில்லை. “மைக்குல வேற மாதிரி சொன்னாங்களே”ன்னு அவள் உதடு அசைந்தது. “எங்க அண்ணன் எங்கிட்ட பொய் சொல்லமாட்டாரு”ன்னு சொன்னேன். உன் கடிதத்தையும் எடுத்துக் காட்டினேன். ‘எல்லாம் நல்லதுக்குத்தான்’ என்கிற வரியில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் அதைப் படித்துவிட்டுத் தன் கையாலேயே போர்வையை எடுத்தாள்.

காலையில் வெள்ளை உடுப்பும் முகமூடியுமாக அவர்கள் கேட்டைத் தொட்டதும் கண்டக்டர் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஜன்னலில் ஏறியது. நான் சிரித்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தேன். டீ போட்டு வைத்திருந்தேன், யாரும் குடிக்கவில்லை. கூண்டை நானேதான் திறந்தேன். மருமகளை முதலில் எடுத்துக் கொடுத்தேன். முதுகில் புண் இருக்கிறதே, முதல் மருந்து அதற்குக் கிடைக்கட்டும் என்று.

ஒரு ஆள் அதை வாங்கினான். தலையை மெல்ல மடக்கிச் சிறகுக்குள் செருகினான். மூன்று வட்டம் சுற்றினான். பெருவிரலால் முதுகில் இரண்டு முறை தட்டினான்.

அண்ணா, எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? நீதான் என்னிடம் விளையாட மாறுவேஷத்தில் வந்திருக்கிறாய் என்று நினைத்தேன். கையைத் தட்டிச் சிரித்தேன். முகமூடிக்கு மேலே உன் கண்களைத் தேடினேன். அவை உன் கண்கள் இல்லை. அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். முழங்கை ஒரு தடவை அசைந்தது. சாக்கின் வாயைத் திறந்தான்.

எனக்குப் புரிந்தபோது மாமியாரும் மைனரும் போய்விட்டார்கள். நான் கத்தினேன். கத்தியது எனக்குக் கேட்கவில்லை, தெருவுக்கெல்லாம் கேட்டதாம். இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். கண்டக்டர் அவர்களிடமிருந்து தப்பிச் சந்துக்குள் ஓடியது. அங்கிருந்து வேறு எங்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம், சுவரைத் தாண்டியிருக்கலாம். அது ஓடிவந்து என் ஜன்னலில் ஏறி நின்றது, யாரோ வந்திருக்கிறார்கள் என்று எனக்குச் சொல்ல. அங்கேயே வைத்துப் பிடித்தார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு அந்த ஆளிடம் சிலேட்டை நீட்டி, இப்படித் தூங்க வைக்க யார் சொல்லிக்கொடுத்தது என்று எழுதிக் கேட்டேன். கையுறையைக் கழற்றிவிட்டு எழுதினான்: ‘எங்கள் குழுத் தலைவர். தன் தங்கைக்காகச் சின்ன வயதில் கண்டுபிடித்தாராம்.’ அந்த இரண்டு தட்டு எதற்கு என்று கேட்டேன். ‘அது இல்லாமல் கோழி தூங்காது என்று சொன்னார்’ என்று எழுதினான். அவனுக்கு நான் யாரென்று தெரியாது. நானும் சொல்லவில்லை.

பிறகு அவர்கள் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள்.

இஸ்திரிக்காரர் மனைவி என்னைத் திட்டியிருந்தால் உதட்டைப் பார்த்து அத்தனையும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் சொல்வது எனக்குக் கேட்காது என்று அவளுக்குத் தெரியும்.

ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். கொல்ல வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தால், ஊர் உயிருக்காக என்று நானும் கொடுத்திருப்பேன், அழுதுகொண்டாவது கொடுத்திருப்பேன். முந்தின நாள் மாலையில் ஒவ்வொன்றாக மடியில் வைத்துக்கொண்டு இருந்திருப்பேன். வீடு வீடாகச் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போயிருக்க மாட்டேன்.

தங்கை


அக்டோபர் 11

அன்புள்ள தங்கைக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

இந்தக் கடிதத்தைப் பல முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நீ எழுதியது அத்தனையும் சரி. மருந்து என்று நான் எழுதியது பொய். முதல் கடிதத்தில் உனக்கு வருத்தம் வேண்டாம் என்று எழுதினேன். அதற்குப் பிறகு உன் கடிதங்கள் வந்தன, பன் கொடுத்தார்கள், பெரிய டாக்டர் என்றார்கள் என்று. எப்படி மாற்றி எழுதுவது என்று தெரியாமல் போய்விட்டது.

முதல் நாள் இங்கே உயிரோடு சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார்கள். சாக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. என்னால் பார்க்க முடியவில்லை. வேலையை விட்டு ஓடவும் முடியவில்லை, நான் ஓடினால் உயிரோடு சாக்கில் திணிப்பதுதான் தொடரும். தூங்க வைத்துவிட்டுச் செய்தால் தேவலை என்று தோன்றியது. அதைத்தான் அவர்களுக்குக் காட்டினேன். பெருவிரல் தானாகத் தட்டிவிட்டது. அதுவும் பாடம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அது இல்லாமல் கோழி தூங்காது என்றே சொல்லிவிட்டேன்.

உங்கள் பக்கத்துக்கு என்னைத்தான் போகச் சொன்னார்கள். கெஞ்சிக் கூத்தாடி வேறு ஆளை அனுப்பினேன். உன் முன்னால் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. நீ பக்கத்து வீட்டுக்குச் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும். உன்னை எனக்குத் தெரியாதா?

அண்ணன்


அக்டோபர் 20

அண்ணா,

எனக்கு ஒன்றும் இல்லை, வேலை ஓடுகிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தூங்கின பிறகு அதுகளுக்குத் தெரியுமா? எனக்கு ஆறுதலாக எதுவும் எழுதாதே. உள்ளதை எழுது.

தங்கை


நவம்பர் 2

அன்புள்ள தங்கைக்கு,

உன் இரண்டு வரியைக் கண்டதே போதும். நானும் இருக்கிறேன்.

உள்ளதைத்தான் எழுதுகிறேன். பெரும்பாலும் தெரியாது. சிலதுக்குத் தெரியும். சுற்றும்போதே முழித்துக்கொண்டு என்னைப் பார்த்தவை உண்டு.

உன் வீட்டுக்கு வந்த ஆளைக் கேட்டேன். மருமகள் தூங்கிக்கொண்டே போய்விட்டதாம். மாமியாரும் மைனரும் அப்படித்தானாம். கண்டக்டர் தூங்கவில்லையாம். எத்தனை முறை செருகினாலும் தலையை வெளியே எடுத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்ததாம்.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பேனாவை மூடிவிட்டேன். பிறகு திறந்து எழுதினேன்.

அண்ணன்


ஜனவரி 12

அன்புள்ள தங்கைக்கு,

குளிர் அதிகமாக இருக்கிறது, பார்த்துக்கொள். நவம்பரில் நான் எழுதியதற்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை.

முகாமைக் கலைத்துவிட்டார்கள். இனிக் கோழிப் பக்கம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, ஆபீஸ் வேலைக்கு மாற்றிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தேன். சொல்லாமல் வந்தது தப்புதான். கேட்டைத் திறந்துகொண்டு வந்து நின்றேன். கதவு தாழ் போட்டிருந்தது. தட்டினேன். முன்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீ மெஷினில் உட்கார்ந்திருந்தாய், முதுகு தெரிந்தது. நீலத் துணி ஏதோ தைத்துக்கொண்டிருந்தாய். மெலிந்துவிட்டாய்.

நான் வந்தால், கேட்டில் கை வைத்ததுமே நீ திரும்பிப் பார்த்துச் சிரிப்பாய். என் ஞாபகத்தில் எப்போதும் அப்படித்தான். இந்தத் தடவை நான் வெகுநேரம் நின்றேன். நீ ஒரு முறைகூடத் திரும்பவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

புரிந்துகொண்டேன். நியாயம்தான். இனி வந்து உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஜனவரி 17

அண்ணா,

உனக்கு மூளை இருக்கிறதா இல்லையா? நலம் விசாரிக்கவெல்லாம் எனக்கு இப்போது பொறுமை இல்லை.

நீ கேட்டில் கை வைத்ததும் நான் எப்படித் திரும்பிப் பார்த்தேன் என்று நினைத்தாய்? உன் காலடி எனக்குக் கேட்டதா? கதவைத் தட்டினேன் என்று எழுதுகிறாயே, யாருடைய வீட்டுக் கதவை? கண்டக்டர் ஜன்னலில் ஏறும், நான் திரும்புவேன். அத்தனை வருஷமும் அதுதான் நடந்தது. அதை நீதான் எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாய். அது இல்லை என்று ஊரில் யார் மறந்தாலும் நீ மறக்கலாமா?

இப்போது என் வீட்டுக்கு யார் வந்தாலும் எனக்குத் தெரிவதில்லை. தபால்காரர் கடிதத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறார், மாலையில்தான் பார்க்கிறேன். துணி கொண்டுவந்தவர்கள் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறார்கள். வேலை பாதியாகிவிட்டது. முன்பெல்லாம் இஸ்திரிக்காரர் மனைவி ஓடிவந்து சொல்லுவாள். உன்னைப் பார்த்தாளாம். என்னிடம் சொல்லவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவள் மகள் இப்போது வெறும் இடுப்போடுதான் பல் தேய்க்கிறாள்.

உன் நவம்பர் கடிதத்துக்கு நான் பதில் எழுதாதது கோபத்தினால்தான். நீ எழுதிய அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கண்டக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் மடித்து வைத்துக்கொண்டு மற்றதைப் படிப்பேன். என் கோழிகளைப் பற்றி நீ எதையும் மறைக்காமல் எழுதிய கடிதம் அது ஒன்றுதான். அதனால்தான் அதைக் கிழிக்கவில்லை. கோபம் இன்னும் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. எதிரில் உட்கார வைத்துத் திட்டுவதற்காவது நீ வேண்டும். காகிதத்தில் திட்டி எனக்கு ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ பார்த்த நீலத் துணி உன் சட்டை. பழைய அளவுக்கே வெட்டிவிட்டேன். நீயும் மெலிந்திருப்பாய், பிடித்துத் தைக்க வேண்டும்.

மெஷினைத் தனியாகத்தான் இழுத்தேன், தரை முழுக்கக் கோடு விழுந்துவிட்டது. இப்போது ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். கதவைத் தாழ் போடவில்லை.

உன்
வாயாடி